கீழப்பாறைக்கே திரும்பும் வண்டி

கேட்கக் கூடாத கேள்வியை முதலில் கேட்டது என் வீட்டுக்காரர்தான். இன்றைக்கும் அவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், என் காது நன்றாகவே கேட்கும். அவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். கேள்வி கேட்பதற்கென்றே சர்க்கார் சம்பளம் கொடுத்து, ஊர் ஊராக அனுப்பிப் பழக்கிவைத்த வாய் அது, ரயிலில் ஏறினாலும் சும்மா இருக்காது. எதிரே இருப்பவர் யார், என்ன ஆட்கள், மூத்தவன் என்ன படிக்கிறான், இளையவளுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்பதெல்லாம் தெரிந்தால்தான் அவருக்குப் பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டுச் சாய்ந்து உட்கார முடியும்.

சண்டை தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. பட்டாளத்துக்காரர்கள் எல்லாருக்கும் லீவு ரத்து, உடனே திரும்ப வேண்டும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெட்ரோல் இல்லாமல் பாதி பஸ்கள் நின்றுவிட்டன. அதனால் பஸ்ஸில் போக வேண்டியவர்களும், ரயிலில் போக வேண்டியவர்களும், வீட்டிலேயே கிடந்திருக்க வேண்டியவர்களும் சேர்ந்து அந்த ஒரே வண்டியில் ஏறியிருந்தார்கள். மூட்டை வைக்கும் பலகையில் ஆட்கள் படுத்திருந்தார்கள், ஆட்கள் உட்காரும் பலகையில் மூட்டைகள் உட்கார்ந்திருந்தன, கக்கூஸ் வாசலில் ஒரு குடும்பமே பேப்பர் விரித்துப் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் திருநெல்வேலியில் ஏறியதால் உட்கார இடம் கிடைத்தது, எனக்கு ஜன்னலோரம். திருச்சியில் என் நாத்தனார் மகளுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம். நேரத்துக்குப் போகாவிட்டால் நாத்தனார் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள் என்பதைத் தவிர எனக்கு அந்தப் பயணத்தில் வேறு அக்கறை கிடையாது.

கீழப்பாறை என்ற ஊரில் வண்டி நின்றது. கரிசல் காட்டுக்கு நடுவே ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு வேம்பு, ஒரு டீக்கடை, ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான் ஸ்டேஷன். அங்கேதான் தவசிமுத்து ஏறினான். கறுப்பு டிரங்குப் பெட்டி, சுருட்டிக் கட்டிய படுக்கை, நெற்றியில் பட்டையாகத் திருநீறு, அதற்குமேல் பட்டாளத் தொப்பி. வழியனுப்ப அவன் மனைவி மட்டும் வந்திருந்தாள். சண்முகத்தாய் என்று பெயர், தாலிக் கயிற்றின் மஞ்சள் இன்னும் கழுத்தில் ஒட்டுகிற அளவுக்குப் புதுக் கல்யாணம். கல்யாணத்துக்கென்று ஒரு மாச லீவில் வந்தவனை ஐந்தாம் நாளே ரேடியோ கூப்பிட்டுவிட்டது. அவள் அழுதாள். அவன் அழவில்லை, அழுகிறவளைப் பார்க்கவும் இல்லை, அவளுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பியது, வேம்பு நகர்ந்தது, டீக்கடை நகர்ந்தது, அவளும் நகர்ந்து சிறுத்துக் காணாமல் போனாள், பருத்திக் காடு வந்தது, ஒரு கிணறு வந்தது, தவசிமுத்து டிரங்குப் பெட்டியை எங்கள் காலுக்கு நேரே போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் கழுத்தை நீட்டினார்.

"என்ன தம்பி, பட்டாளமா? எங்கே போறே?"

"தெரியாதுங்க," என்றான் அவன். "போனாத்தான் சொல்லுவாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வேம்பு, டீக்கடை, தண்ணீர்க் குழாய். வண்டி கீழப்பாறையில் நின்றுகொண்டிருந்தது.

குலுங்கவில்லை, பின்னால் உருளவில்லை, எஞ்சின் ஊதக்கூட இல்லை. ஒரு மூச்சுக்கு முன்னால் கிணற்றோரம் இருந்தோம், மறு மூச்சுக்கு இங்கே இருந்தோம். ஸ்டேஷன் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்த சண்முகத்தாய் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். பெட்டியில் யாரும் அலறவில்லை. பரணில் படுத்திருந்த ஒருவர் மட்டும், "என்ன, இன்னும் கீழப்பாறைதானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

"படிச்ச மனுசன், கிளம்புற புள்ளைய எங்கேன்னா கேப்பாரு?" என்று வெற்றிலைக் கூடைக்காரி உலகம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "தூரமான்னு கேட்டா வாயில புண்ணா வந்திரும்?"

நான் கான்வென்ட்டில் படித்தவள்; சகுனம் என்று வாயைத் திறந்தால் சிஸ்டர் எங்களைச் சாப்பல் வாசலில் முட்டிபோட வைப்பார். ஆனால் இதில் சகுனம் பார்க்க என்ன இருக்கிறது? வாசற்படி இறங்கினவனை 'எங்கே போறே' என்று யாராவது கேட்டுவிட்டால், அவன் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். இவன் வண்டியில் இருந்தபடியால் வண்டியும் கூடவே திரும்பவேண்டியதாயிற்று, வண்டியில் இருந்தபடியால் நாங்களும். என் கடிகாரம் மட்டும் திரும்பவில்லை. இடம்தான் பின்னால் போனது, நேரம் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அதுதான் என்னை எரிச்சல்படுத்தியது.

சண்முகத்தாய் குழாயில் ஒரு செம்பு தண்ணீர் பிடித்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அவன் குடித்தான். அவள் மறுபடி அழுதாள், ஆனால் முதல் தடவை அளவுக்கு இல்லை. கார்டு விசில் ஊதினார், வண்டி கிளம்பியது, வேம்பு, டீக்கடை, பருத்திக் காடு, கிணறு எல்லாம் தாண்டி, கிணற்றுக்கு அப்பால் ஒரு பனங்கூட்டத்தையும் தாண்டியபோது பரணில் இருந்தவர் முழுசாகத் தூக்கம் கலைந்து, கீழே எட்டிப் பார்த்து, மரியாதையாகத்தான் கேட்டார்: "மிலிட்டரிக்காரரு எங்கே போறீங்க?"

வண்டி மறுபடி கீழப்பாறையில் நின்றது.

இதற்குப் பிறகு எங்கள் பெட்டிக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. தவசிமுத்துவிடம் யாரும் 'எங்கே' என்ற சொல்லை எடுக்கக் கூடாது, எடுத்தே தீர வேண்டுமென்றால் 'தூரமா' என்று மட்டும் கேட்கலாம், அவன் 'தூரம்தான்' என்று சொல்வான், அத்தோடு இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கதவருகே இரண்டு பேர் நின்று, ஒவ்வொரு தடவையும் கீழப்பாறையில் ஏறுகிறவர்களிடமெல்லாம், "அண்ணாச்சி, உள்ளே ஒரு பட்டாளத்துக்காரர் இருக்காரு, தூரமான்னு மட்டும் கேளுங்க, வேற ஒண்ணும் கேக்கப்புடாது" என்று சொல்லி, தலையாட்டினால்தான் உள்ளே விட்டார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்தார். எங்கே போகிறாய் என்று கேட்பதுதான் அவர் பிழைப்பே. விஷயத்தைக் கேள்விப்பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டி, அவன் கொடுத்த சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இவ்வளவு செய்தும் ஒன்றும் பயன் இல்லை, ஏனென்றால் நம் ஜனங்களால் எதிரே இருக்கிறவனை எங்கே போகிறாய் என்று கேட்காமல் ஒரு பர்லாங்கு தாண்ட முடியாது. பருத்தி மூட்டைக்காரர் கேட்டார், கைக்குழந்தைக்காரி கேட்டாள், கேட்கக் கூடாது என்று கதவருகே நின்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவரே அலுத்துப்போய் உட்கார்ந்து, ஒரு பீடியைப் பற்றவைத்து, பழக்க தோஷத்தில் கேட்டார். ஒவ்வொரு தடவையும் வேம்பு, டீக்கடை, தண்ணீர்க் குழாய்.

கீழப்பாறை ஜனங்கள் முதலில் கும்பலாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு டீ விற்றார்கள். அப்புறம் வண்டியில் இருக்கிறவர்களுக்கு இட்லி விற்றார்கள். மத்தியானத்துக்குள் அவர்களுக்கும் அலுத்துவிட்டது, வண்டி வந்தால் தலையைக்கூடத் தூக்குவதில்லை. டிரைவர் இறங்கி வேம்படியில் துண்டை விரித்துப் படுப்பார், விசில் கேட்டால் எழுந்துபோவார். குழாயடியில் எங்கள் பெட்டிப் பெண்கள் குழந்தைத் துணிகளைக் கசக்கி வேலிமேல் காயப்போட்டார்கள். வண்டி கிளம்பும்போது எடுத்துவர மறந்தால், "இருக்கட்டும், எப்படியும் திரும்ப வருவோம்ல" என்றார்கள். பெண் பார்க்க விருதுநகருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம், நாலு தடவையும் அதே பிளாட்பாரத்தில் அதே பெண் இட்லிக் கூடையோடு நிற்பதைப் பார்த்து, விசாரித்து, ஐந்தாம் தடவை இறங்கி, பூவும் பழமும் மாற்றி, அங்கேயே தங்கிவிட்டது. உலகம்மா வாடிப்போன வெற்றிலைக்கு மேல் தண்ணீர் தெளித்துத் தெளித்து, சலித்து, கூடையைத் திறந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தாள். பெட்டியே சிவந்த வாயோடு இருந்தது. நான் மட்டும் போடவில்லை. எனக்குக் கோபம் ஒன்று இருந்தது, அதை வைத்துக்கொண்டுதான் நான் உட்கார்ந்திருந்தேன்; பிறகு யோசித்துப் பார்த்தால் அதுவும் எப்போதோ என்னை விட்டு இறங்கிவிட்டிருந்தது.

சண்முகத்தாய் வீட்டுக்கே போகவில்லை. வண்டி எதனால் திரும்புகிறது என்பது அவளுக்கும் சீக்கிரத்தில் தெரிந்துவிட்டது. உலகம்மாதான் ஜன்னல் வழியாகக் கத்திச் சொன்னாள். அதற்கப்புறம் அவள் கண்ணீரை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தாள். மடி நிறைய அவித்த நிலக்கடலையை வைத்துக்கொண்டு, எங்கள் பெட்டியின் ஜன்னல் ஜன்னலாக வந்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி திணித்து, "அண்ணே, கொஞ்ச தூரம் போனதும் எங்க மச்சானைப் பாத்து எங்கே போறேன்னு ஒரு வார்த்தை கேட்டுருங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டு போனாள். கடலைக்காகக் கேட்டவர்களும் உண்டு, பாவம் பார்த்துக் கேட்டவர்களும் உண்டு. வண்டி ஒரு தடவைகூட அவன் வண்டி மாற வேண்டிய ஜங்ஷனை எட்டவில்லை. அங்கே விளக்கு வைக்கிற நேரத்துக்கு ராணுவ ஸ்பெஷல் கிளம்புகிறது, அதில் அவன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்கள், வீட்டுக்கே வந்து விலங்கு போட்டுக் கூட்டிப்போவார்கள். இதை அவனே எங்களிடம் சொன்னான், ஊரில் மழை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னான்.

"அப்படியே இறங்கிப் போயிரவேண்டியதுதானே?" என்று பருத்தி மூட்டைக்காரர் கேட்டார். "விலங்கு போடுறப்ப போடட்டும். உசுரு இருக்கும்லா?"

தவசிமுத்து யோசித்தான். யோசிப்பதும் தூங்குவதும் அவன் முகத்தில் ஒன்றுபோலத்தான் இருந்தது.

"எனக்குப் பக்கத்துக் கட்டில் சேலத்துக்காரன் ஒருத்தன்," என்றான். "நான் போற வரைக்கும் என் காவலையும் அவன்தான் நிப்பான். பனியில அவனுக்குக் கால் வெடிச்சுக் கிடக்கு."

"அவ்வளவுதானா?" என்றேன் நான்.

"அவ்வளவுதான்க்கா."

நான் என்னவோ தேசம், கொடி, மானம் என்று ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவன் செம்பு வந்தால் வாங்கிக் குடித்தான், வயிறு மத்தளம்போல் ஆகிவிட்டது, "இனிமே இறங்காது புள்ள" என்றான், ஆனாலும் குடித்தான்.

அந்த ஜன்னல் எங்கள் ஜன்னல்தான். என் தோளுக்கு மேலாகத்தான் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். முதலில் பெட்டியே மரியாதைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. பிறகு கழுத்து வலித்துத் திரும்பிவிட்டது. ஐந்து நாளில் பேச நேரம் இல்லாததையெல்லாம் அவர்கள் பேசினார்கள். கோழி அடைகாப்பதைப் பேசினார்கள். கூரைக்கு ஓலை மாற்றுவதைப் பேசினார்கள். அவள் கழுத்தில் ஒரு மச்சம் இருப்பதை அவன் இப்போதுதான் வெளிச்சத்தில் பார்ப்பதாகச் சொன்னான். கைக்குழந்தைக்காரி வெட்கப்பட்டுக் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். அடுத்த தடவை வந்தபோது சண்டையே போட்டார்கள்.

"சண்டை வரப்போகுதுன்னு கல்யாணத்துக்கு முந்தியே தெரியுமா தெரியாதா மச்சான்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கட்டுனீக?"

"தெரிஞ்சதாலதான் சீக்கிரமா கட்டுனேன்."

"உங்களுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தான்னு எழுதிக்கிறதுக்கு நான்தான் ஆப்பிட்டேனா?" என்று செம்பைத் தரையில் வீசினாள். அது உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. டீக்கடைக்காரர் இறங்கி எடுத்து, அலசி, நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் இது பழகிவிட்டது. அவன் குடித்தான். விசில். வேம்பு, டீக்கடை, பருத்திக் காடு.

அடுத்த தடவை சமாதானம் ஆனார்கள். அதற்கடுத்த தடவை அவள், "கம்பளிச் சட்டை எடுத்தீகளா?" என்று கேட்டாள், அவன் "எடுத்தேன்" என்றான். அதற்கும் அடுத்த தடவை அவள், "கம்பளிச் சட்டை எடுத்தீகள்ல?" என்றாள். அவன் தலையாட்டினான். அதற்கப்புறம் அவர்களிடம் பேச ஒன்றும் மிச்சம் இல்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவன் உள்ளிருந்து அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற முன்பின் தெரியாத இரண்டு பேரைப்போல ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அழுகையும் வரவில்லை அவளுக்கு. முயற்சி செய்து பார்த்ததை நான் பார்த்தேன்; உதட்டைக் கோணி, மூக்கை உறிஞ்சி, ஒன்றும் வராமல் விட்டுவிட்டாள். பெட்டியில் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். குழந்தைகூடப் பாலுக்கு அழவில்லை. எனக்கு நாத்தனார் மகள் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை, வராதது பற்றி வருத்தமும் இல்லை.

வெயில் தாழ்ந்துவிட்டது. வேம்பின் நிழல் பிளாட்பாரத்தைத் தாண்டி எங்கள் பெட்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. சண்முகத்தாய் மடியைத் தடவிப் பார்த்தாள், கடலை தீர்ந்திருந்தது. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டுட்டாக. நீங்க மட்டும் கேக்கவே இல்லை. ஒரே ஒரு தடவை கேளுங்களேன்."

"ஏன் பகவதி, கேளேன்," என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக. காலையில் வாங்கிய திட்டுக்குப் பிறகு இந்த விஷயத்தில் அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

"நீங்க சும்மா இருங்க," என்றேன். அவளிடம் திரும்பினேன். "கேட்கிறேம்மா. எனக்கென்ன. கேட்டால் திரும்பி வருவான். வந்து?"

"வந்து..." அவள் செம்பைப் பார்த்தாள். "தண்ணி குடிப்பாக."

"அப்புறம்?"

அவள் செம்பை முந்தானையால் துடைத்தாள். டிரைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எஞ்சினை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"அப்புறம் போவாக," என்றாள்.

"அஞ்சு நாளைக்கு முந்தி கொண்டுபோய் விடாதாம்மா இந்த வண்டி. இந்தப் பிளாட்பாரத்தில்தான் விடும். வழியனுப்புகிற இடத்தில்தான் விடும்." நான் நாக்கில் தேன் தடவிப் பேசுகிறவள் இல்லை, அதற்காக இந்த வயதுக்கு மேல் கற்றுக்கொள்ளவும் முடியாது.

விசில் கேட்டது. சண்முகத்தாய் குழாயடிக்குப் போய், செம்பைக் கவிழ்த்துத் திண்டில் வைத்தாள், முந்தானையைச் செருகினாள், வந்தாள், நகர்கிற வண்டியில் கதவுக் கம்பியைப் பிடித்து ஏறினாள். "ஒரு தடவையாவது வண்டி முன்னால போறதைக் கூட இருந்து பாத்துட்டு வாரேன்," என்று யாரிடமோ பொதுவாகச் சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியில் அவன் நகர்ந்து கொடுத்த ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்தாள்.

இப்போது பெட்டிக்கே பயம் வந்தது, பகல் முழுக்க வராத பயம். இனி கடலையும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். கேள்வி அவள் வாயிலேயே இருந்தது. அவள் தொண்டையைச் செருமினால் முப்பது பேர் நிமிர்ந்தார்கள். அவள் கொட்டாவி விட்டபோது உலகம்மா "முருகா" என்றாள். பனங்கூட்டம் போயிற்று. நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு ஓடைப் பாலம் வந்து போயிற்று. பாலத்தை அடுத்த ஸ்டேஷனில் ஏறிய ஒருவர், எச்சரித்ததைக் காதில் வாங்காமல், தவசிமுத்துவின் தொப்பியைப் பார்த்து முகம் மலர்ந்து, "அடடே, தம்பி எங்கே—" என்று ஆரம்பித்தார். அவர் வாயைப் பொத்தியது சண்முகத்தாய்தான். முன்பின் தெரியாத ஆம்பிளையின் வாயை, கண்ணாடி வளையல் குலுங்க, உள்ளங்கையால் அழுத்திப் பொத்தி, "தூரமான்னு கேளுங்க," என்றாள்.

கையை எடுத்ததும் அவர், "தூரமா?" என்றார்.

"தூரம்தான்," என்றான் தவசிமுத்து.

சண்முகத்தாய் மறுபடி டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்தாள். அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது, தூங்கிப்போனாள். அவன் அசையாமல் இருந்தான். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜங்ஷனில் விளக்கு வைத்திருந்தார்கள், போர்க்காலம் என்று ஒவ்வொரு விளக்கின் மேல்பாதிக்கும் கறுப்புப் பூசி. எங்கள் பிளாட்பாரத்தின் மறுபக்கத்திலேயே ராணுவ ஸ்பெஷல் நின்றது. ஜன்னலுக்கு நாலு முகம், கதவுக்கு எட்டு முகம். எல்லாம் அவன் முகம் மாதிரியே இருந்தன. அவற்றுக்கு எதிரே நின்ற பெண்களுடைய முகங்கள் எல்லாம் அவள் காலையில் வைத்திருந்த முகம் மாதிரி இருந்தன. ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். சண்முகத்தாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள், ஒரு பாஷை தெரிந்தவள் அதை வேறு யாரோ பேசுவதைக் கேட்பதுபோல.

தவசிமுத்து டிரங்கை ஏற்றினான், படுக்கையை ஏற்றினான், தானும் ஏறிக் கதவில் நின்றான். எங்கள் பெட்டி ஜனங்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கத்து ஜன்னல்களில் அப்பிக்கொண்டோம். ஸ்பெஷல் ஒரு தரம் இழுத்துப் பார்த்து, பிறகு நகர்ந்தது. அவள் கூடவே நடந்தாள். அவள் வாய் திறந்தது. நான் பார்த்தேன். வாய் நன்றாகத் திறந்து, நாக்கு மேலே ஏறி, முதல் எழுத்துக்கு வந்து நின்றது. ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான், அத்தனை பெட்டிகளும் அத்தனை பேரும் துப்பாக்கிகளோடும் படுக்கைகளோடும் திரும்பிவந்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு, "கேளு தாயி, கேளு," என்று முனகினார். நானும் என்னை அறியாமல் என் நாக்கை மேலே ஏற்றிவைத்திருந்தேன்.

அவள் அதை விழுங்கினாள். 

"போய்ட்டு வாங்க மச்சான்," என்றாள், கடைக்கு அனுப்புகிற குரலில்.

"வாரேன்," என்றான்.

கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் வளைவில் மறைந்தது. அவள் பிளாட்பாரத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து மூட்டை வண்டி தள்ளிக்கொண்டு வந்த போர்ட்டர் ஒருவர், பகல் முழுக்க ஜங்ஷனிலேயே இருந்தவர், எதுவும் தெரியாதவர், வழி கிடைக்காத எரிச்சலில் கேட்டார்:

"யம்மா, நட்ட நடுவுல நிக்கியே, எங்கே போறே?"

எங்கள் பெட்டியில் மூச்சுச் சத்தம் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் வேம்பு இருக்கும், டீக்கடை இருக்கும், காலை வெளிச்சம்கூட இருந்தாலும் இருக்கும் என்று நினைத்துத்தான் மூடினேன். திறந்தேன். பாதிக் கறுப்புப் பூசிய விளக்குகள் இருந்தன. காலித் தண்டவாளம் இருந்தது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம், நன்றாக, ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள்.

"வீட்டுக்கு," என்று போர்ட்டருக்குப் பதில் சொல்லி, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.